அம்மாவுக்கு ஷாக் ட்ரீட்மெண்ட் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: அப்பா இறந்த பிறகு அம்மா (61) பெங்களூரில் எங்களோடுதான் இருக்கிறார். ஆறேழு மாதமாகக் கடுமையான மனச்சோர்வு. மாத்திரையை இரண்டு முறை மாற்றியும் தேறவில்லை. இப்போது சாப்பாடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. "நான் செஞ்ச பாவம்தான் இந்தக் குடும்பத்தை ஆட்டுது, நான் போயிட்டா சரியாயிடும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் ஈசிடி, அதாவது மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் ஷாக் ட்ரீட்மெண்ட், கொடுக்கலாம் என்கிறார். வாணியம்பாடியில் இருக்கும் தாய்மாமா, "கரண்ட் வெச்சா மூளை வெந்துடும், அப்புறம் உங்கம்மா உங்கம்மாவாவே இருக்க மாட்டா" என்று சத்தம் போடுகிறார். அண்ணன் மாமா பக்கம், என் கணவர் டாக்டர் பக்கம். நான் யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு நின்றதும், "நான் போயிட்டா" என்ற பேச்சும் சேர்ந்து வந்தால் அது காத்திருக்கும் நேரமில்லை. அம்மாவைத் தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் உங்கள் பொறுப்பில் பூட்டி வையுங்கள், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸைக் கூப்பிடுங்கள், எண் 14416. தமிழிலும் பேசலாம்.

சரி, ஈசிடிக்கு வருவோம். மாமாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இருவர் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்தே கிடையாது, வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு, நம் சினிமாக்கள் அந்தக் காலத்துக் காட்சியையே இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று அப்படிச் செய்வது இந்தியாவில் சட்டப்படி குற்றம். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈசிடி கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

நடப்பது இதுதான். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எடுத்து, இதயம் தாங்குமா என்று பார்ப்பார்கள். அன்று காலை வெறும் வயிற்றில் போக வேண்டும், பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். அனஸ்தீசியா டாக்டர் ஊசி போட்டதும் அம்மா தூங்கிவிடுவார், நெற்றிப் பக்கம் சில நொடிகள் மட்டும் மின்சாரம், அதனால் மூளையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான வலிப்பு, உடம்பில் லேசான அசைவு, பிறகு விழிப்பு. வலி தெரியாது. மூளை வேகாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு முறை வரை கொடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால் ஒரு லட்சம் முறை கொடுப்பதில் இரண்டு மரணம் என்ற அளவில்தான், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறிய ஆபரேஷன்களில் உள்ளதைப் போல.

உங்கள் அம்மாவின் நிலையில் டாக்டர் இதைச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. வயது, சாப்பிடாமல் கிடப்பது, இல்லாத பாவத்தைத் தலையில் சுமப்பது, இவையெல்லாம் ஈசிடிக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. கடுமையான மனச்சோர்வில் பத்தில் ஆறு முதல் எட்டு பேர்வரை தேறுகிறார்கள், அதுவும் மாத்திரைக்கு ஆகும் நாலைந்து வாரம் இல்லாமல், மூன்று நான்கு முறையிலேயே பலருக்கு முகத்தில் மாற்றம் தெரியும்.

ஆனால் நினைவாற்றல் விஷயத்தை மறைக்க மாட்டேன். விழித்த அன்று தலைவலி, உடம்பு வலி, குழப்பம் இருக்கும். சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்கு முந்தைய சில மாதங்களும் மங்கலாகலாம், பெரும்பாலும் மெல்லத் திரும்பும், சிலருக்குச் சில நிகழ்ச்சிகள் திரும்பாமலே போவதும் உண்டு. அப்பாவின் கடைசி நாட்கள் அம்மாவுக்கு முக்கியம் என்றால், இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் வைக்கும் முறையில் மறதி குறைவு, இரண்டு பக்கமும் வைத்தால் பலன் சீக்கிரம். எதை, ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

இப்போது என்னை உறுத்திய ஒன்று. கடிதத்தில் மாமா பேசுகிறார், அண்ணன், கணவர், டாக்டர் எல்லோரும் பேசுகிறார்கள், ஈசிடி பற்றி அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா? இத்தனை சோர்விலும் அவருக்கு அபிப்பிராயம் இருக்கும். காலையில் சோர்வு கூடுதலாக இருக்கும், கொஞ்சம் தெளியும் சாயங்கால நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லுங்கள். "ஸ்கேன் எடுக்கப் போறோம்" என்று ஏமாற்றி மட்டும் அழைத்துப் போகாதீர்கள், விழித்து எழும்போது உங்கள் மேலிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். சம்மதப் படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை, இவ்வளவு தமிழர்கள் வந்து போகும் பெங்களூரில் தமிழ் பேசும் நர்ஸ் கிடைக்காமல் போக மாட்டார். முடிவெடுக்கும் தெளிவே அவருக்கு இல்லை என்று டாக்டர் கருதினால், நியமனப் பிரதிநிதியாக வீட்டில் ஒருவர் இருந்து உதவ வேண்டியிருக்கும், அது யார் என்று இப்போதே பேசிவையுங்கள்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், அம்மாவின் உடம்பு அவ்வளவு நாள் தராது.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது இதில்தான். ஈசிடி முடிந்து அம்மா சிரிக்கத் தொடங்கியதும் "குணமாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பவே வாய்ப்பு அதிகம். எந்த மாத்திரை, எத்தனை மாதம், தேவைப்பட்டால் இடைவெளி விட்டு ஈசிடி தொடருமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுதி வாங்குங்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் பேங்க், வீட்டுப் பத்திரம் மாதிரி எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். செலவுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் முன்னே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உண்டு.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அண்ணனையும் கூட்டிப் போங்கள், மாமாவை வீடியோ காலில் சேருங்கள். அவர் பயத்தை டாக்டரிடமே நேராகக் கேட்கட்டும், அம்மா முன்னால் வேண்டாம்.