போதும்பொண்ணு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பேத்திக்கு ‘ஷ்’, ‘ஸ்ரீ’ எல்லாம் கலந்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பொருள் கேட்டால் மகளுக்கே தெரியவில்லை. எண் கணிதக்காரர் கூட்டிச் சொன்னாராம். என் அப்பா இயக்கக்காரர், எனக்குத் தூய தமிழ்ப் பெயர் வைத்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழந்தையை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழ்ப் பெயர்கள் அழிந்துவிடுமா?

— ஒரு தாத்தா

(மூன்று பக்கக் கடிதம். சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தாத்தாவுக்கு,

எண் கணிதத்தை விடுங்கள், அதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

‘பொருள்’ என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே எனக்கு அதே நினைப்பு. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் போதும்பொண்ணு என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நான்காவது பெண். அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று வைத்த பெயர். வாத்தியார் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது, முந்தைய பெயர் வந்ததுமே பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். அவர் ‘போ’ என்று வாய் திறந்ததும் ‘உள்ளேன் ஐயா’ என்று கத்திவிடுவாள். முழுப் பெயரும் வகுப்பில் கேட்டுவிடக் கூடாது. வருடம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தூய தமிழ்ப் பெயர்தான் ஐயா அதுவும். பொருளும் எல்லோருக்கும் புரிந்தது. அதுதான் அவளுடைய கஷ்டமே.

பிச்சை, குப்பன், குப்பம்மாள் எல்லாம் எப்படி வந்தன? பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து வைத்த பெயர்கள். பிள்ளைச் சாவு குறைந்தது, அந்தப் பெயர்களும் குறைந்தன. அதற்கு யாராவது அழுவார்களா?

உங்கள் அப்பா செய்ததும் மாற்றம்தான். 1916இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னால் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாதபடி பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த தலைமுறை அது. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதே இயக்கத்தில்தான் 1953இல் கருணாநிதி தன் மகனுக்கு ஸ்டாலின் என்று வைத்தார். தொடங்குவதே கிரந்த எழுத்தில். அந்தக் காலத்தின் ஆசை அது.

இன்றைக்கு ஒரு வீட்டில் ஒன்றோ இரண்டோ குழந்தைகள். யாருக்கும் இல்லாத பெயராக இருக்கவேண்டும் என்று பெற்றவர்கள் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். பெண் பிள்ளைக்கும் அப்படித் தேடுகிறார்கள், அதைக் கவனித்தீர்களா? போதும்பொண்ணுக்காக யாரும் ஒரு நிமிடம்கூடத் தேடவில்லை.

ஓர் இடத்தில் உங்கள் மேல் கோபமே வந்தது. பிடிக்கவில்லை என்பதற்காகக் குழந்தையின் பெயரையே சொல்லாமல் இருப்பீர்களா? பேத்தி என்பதே ‘பெயர்த்தி’தானே. மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.