களியக்காவிளையில் போன் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியில் கப்பல் சண்டை விளையாட்டின் பீட்டா (சோதனைப் பதிப்பு) ஆடும்போது எதிரிக் கப்பல் தாவினால்

கிராபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை, போனில் நெட்வொர்க் தேர்வை ஆட்டோவிலிருந்து மாற்றி தமிழ்நாட்டு சிக்னலிலேயே நிற்க வையுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 60-இல் நிற்கிறது, எதிரிக் கப்பல் மட்டும் திடீர் திடீரென்று தாவுகிறது என்கிறீர்கள், அப்படியானால் கோளாறு பெரும்பாலும் நெட்டில்தான்.

களியக்காவிளை எல்லையில் இருப்பதால் போன் கேரளாவின் பாறசாலைப் பக்கத்து டவரையும் பிடிக்கும், அப்படி மாறும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து ஒட்டும். வீடியோ முன்கூட்டியே இறங்கிவிடுவதால் அதில் இது தெரியாது. ஆனால் நீங்கள் ஆடும் பழுதுபார்ப்புக் கப்பலுக்கு அந்த ஒரு கணமே போதும், கூட்டாளி மேல் பிடித்த கதிர் விட்டுப்போய் அணியே சரிந்துவிடும்.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ping 8.8.8.8 -t என்று அடித்து ஆட்டம் முடியும்வரை ஓடவிடுங்கள். 40, 45 மில்லிசெகண்ட் என்று வந்த எண் 300-க்கு எகிறினாலோ டைம்ட் அவுட் (பதில் வரவில்லை) விழுந்தாலோ இதுவே காரணமாக இருக்கலாம். அப்புறம் யூஎஸ்பி டெதரிங்கில் (போனைக் கேபிளால் கணினியில் இணைத்து) ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், வைஃபை மேல் உள்ள சந்தேகமும் தீரும்.

பிங் சீராக இருந்தும் தாவினால் பீட்டா சர்வர் பக்கம் பிழை இருக்கலாம், நேரத்தைக் குறித்து பக் ரிப்போர்ட் அனுப்புங்கள். அருமையான அணி ஆட்டம் இது, அதற்குள் அழித்துவிடாதீர்கள். வெளியே கிளம்பும்போது நெட்வொர்க்கை மறுபடி ஆட்டோவில் போட வேண்டும், இல்லாவிட்டால் பாறசாலை தாண்டியதும் போன் கால் வராது.