யூரிக் அமிலம் சரியாக இருந்தும் முட்டி வீங்குவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஒரே இரவில் வலது முட்டி வீங்கி, சூடாகி, காலை ஊன்றவே முடியவில்லை. யூரிக் அமிலம் 5.8தான். கவுட் என்று சொல்லி அலோபூரினால் கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் வீக்கம் முழுதாகப் போகவில்லை. வேறு என்னவாக இருக்கும்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சூடோகவுட்டாக, அதாவது கவுட்டைப் போலவே தோன்றும் வேறொரு மூட்டு நோயாக, இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கவுட்டில் மூட்டுக்குள் படிவது யூரிக் அமில உப்பு, இதில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம். இரண்டுமே திடீரென்று மூட்டைக் கொதிக்க வைக்கும், ஆனால் அலோபூரினால் யூரிக் அமிலத்தை மட்டும்தான் குறைக்கும், கால்சியம் படிகத்தின் பக்கமே போகாது.

ரத்தத்தில் யூரிக் அமிலத்தைப் பார்த்துவிட்டு மூட்டு வலிக்குப் பெயர் வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. கவுட் தாக்கிய அன்றே அந்த அளவு சாதாரணமாக இருக்கலாம், அளவு எகிறிக் கிடக்கும் பலருக்கு ஆயுசுக்கும் கவுட் வராமலும் போகலாம். விடை முட்டிக்குள் இருக்கும் நீரில் இருக்கிறது. ஊசியால் அதை எடுத்து போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் யூரிக் அமிலம் ஊசி ஊசியாகத் தெரியும், கால்சியம் படிகம் குட்டையாக, சாய்சதுரமாகத் தெரியும். 1960களின் தொடக்கத்திலிருந்து இருக்கிற சோதனை இது, இன்னமும் நீரை எடுத்ததும் கொட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் கிருமியை மட்டும் தேடிவிட்டு அறிக்கை தருகிறார்கள். அதனால் 'கிரிஸ்டல் பார்க்கவும்' என்று சீட்டில் எழுதச் சொல்லி நீங்களே கேளுங்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் கால்சியம் படிந்த மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா என்றும் கேளுங்கள், 'தேய்மானம்' என்ற ஒற்றை வார்த்தையோடு அதை விட்டுவிடுவது சகஜம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். படிகம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கிருமித் தொற்று இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்தே இருக்கலாம். சூடோகவுட்டிலும் காய்ச்சல் வரும், வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகும், ஆகவே வீட்டில் தெர்மாமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர் நடுக்கம், சர்க்கரை நோய், செயற்கை மூட்டு, சமீபத்தில் அந்த முட்டியில் போட்ட ஊசி, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு நீரை எடுத்து, தொற்று இல்லை என்று ஓரளவு உறுதியான பிறகுதான் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி.

சிகிச்சை சிக்கலானதல்ல. நீரை எடுத்தாலே பாதி வலி இறங்கும். அப்புறம் அந்த ஸ்டீராய்டு ஊசி, ஐஸ் ஒத்தடம், இரண்டு மூன்று நாள் ஓய்வு. மூட்டு வீக்கத்தைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரை 0.5 மில்லிகிராம் ஒரு வேளையோ இரண்டு வேளையோ கொடுப்பார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவு குறைய வேண்டும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது சேர்க்கவே கூடாது. இந்த வயதில் வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

கால்சியம் படிகத்தைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கரைக்கிறேன் என்று பொடி விற்பவர்களிடம் போகாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள், அப்படிக் கலந்தவை பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள், இந்தப் படிகம் அதனால் வருவதல்ல.

ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஒருமுறை பார்த்தால் போதும், பெரிய பேக்கேஜ் தேவையில்லை. அலோபூரினாலை நீங்களாக நிறுத்த வேண்டாம், மூட்டு நீர் அறிக்கை கைக்கு வந்ததும் அதை எழுதிக் கொடுத்தவரிடமே காட்டி, இது இனியும் எதற்கு என்று கேளுங்கள்.