ரொறன்ரோவில் 25 இரவு, திருக்கோவிலில் 26 காலை

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்தேன். செப்டம்பரில் படிக்க வந்ததாகவும், ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் நான்கு பேருடன் இருப்பதாகவும், நத்தார் விடுமுறைக்கு அம்பாறை மாவட்டத்து ஊரான திருக்கோவிலில் உள்ள குடும்பத்தாரையும் லண்டனிலும் சூரிச்சிலும் உள்ள தோழிகளையும் ஒரே திரையில் கூட்டி அதிகம் செலவில்லாமல் ஒரு கொண்டாட்டம் வைக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் செயலி நல்லது, என்ன விளையாட்டு வைக்கலாம், எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தலாமா, என்ன பரிசு கொடுக்கலாம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் 25 ஆம் திகதி இரவு 9.30 என்று நேரத்தையும் குறித்திருக்கிறீர்கள். நீங்கள் கேள்வியாகக் கேட்காத அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது.

குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் இடையில் பத்தரை மணித்தியாலம். இங்கே 25 இரவு 9.30 என்றால், திருக்கோவிலில் 26 காலை 8.00. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2004 இல் நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள் அல்லது பிறந்தே இருக்கமாட்டீர்கள், ஆனாலும் அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் திகதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏமாற்றுவது இங்குள்ள மணிக்கூடுதான். நத்தார் இரவு இன்னும் முடியவில்லை என்று நாம் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அங்கே ஆழிப்பேரலை (சுனாமி) நாள் விடிந்துவிடுகிறது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்ட நாள் அது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன். 2001 இல் வந்தேன். ஊர்ப்பெயரைச் சொன்னால் "யாழ்ப்பாணத்தில் எவ்விடம்?" என்று கேட்கும் இந்த நகரத்தில், கல்லாறு என்றதும் தலையாட்டக்கூடிய ஏழு பேரைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு குளிர்காலம் போயிற்று. அப்போது காணொளி அழைப்பு ஏது? கடையில் 5 டொலருக்கு ஒரு தொலைபேசி அட்டை வாங்கி, அதன் முதுகிலுள்ள வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டி, நீண்ட இலக்கத்தை அழுத்தி, பிறகு இலங்கைக்கு 94, மட்டக்களப்புக்கு 65 என்று தொடங்க வேண்டும். அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் நிமிடங்களில் பாதிகூடக் கிடைக்காது. வீட்டில் தொலைபேசி இல்லாததால், குறித்த நேரத்துக்கு அம்மா பிரதான வீதியிலிருந்த கொமினிகேஷனுக்கு, அதாவது தொலைபேசிக் கடைக்கு, நடந்து வந்து வாங்கில் காத்திருப்பார். வந்த அழைப்பைப் பேசுவதற்கும் கடைக்காரர் நிமிடக் கணக்கில் காசு வாங்குவார்.

2004 டிசம்பர் 25 இரவு நாங்கள் எட்டுப் பேரும் ஒரு நிலக்கீழ் அறையில் கூடினோம். ஆளுக்கு ஓர் அட்டை. ஒலிபெருக்கியுள்ள ஒரு தொலைபேசி. ஒவ்வொருவர் வீட்டையும் முறைவைத்து அழைத்து எல்லோரும் சேர்ந்து வாழ்த்துச் சொல்வது என்று திட்டம். இப்போது நீங்கள் தேடும் மலிவான தொலைதூரக் கொண்டாட்டத்தை அன்றே நாங்கள் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்நாளில் இலங்கை மணிக்கூடு இன்றையதைவிட அரை மணித்தியாலம் முந்தியிருந்தது, 2006 ஏப்ரலில்தான் மாற்றினார்கள். ஆகவே எங்கள் இரவு 10.00 அவர்களுக்கு ஞாயிறு காலை 9.00. என் முறை முதலில். அழைத்தேன், மணி போகவில்லை. கல்முனைக்காரர் அழைத்தார்; அதுவும் இல்லை. அட்டை பொய் என்று திட்டினோம். ஒருவர் பனியில் இறங்கிப் போய் வேறு அட்டைகள் வாங்கிவந்தார். அவற்றையும் சுரண்டினோம், அவற்றையும் திட்டினோம். நள்ளிரவு தாண்டி யாரோ தொலைக்காட்சியைப் போட்டபோதுதான் அட்டைகளில் பிழையில்லை என்று தெரிந்தது. அம்மாவின் குரலை மூன்றாம் நாள் கேட்டேன். சின்னம்மா வீட்டில் இருவர் இல்லை.

அதற்குப் பிறகும் ஒரு 25 இரவில் திரைக்கு முன் உட்கார நேர்ந்தது. 2020 இல், எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், உறவினர் ஒருவர் எங்களைக் கேட்காமலே சூமில் நேரம் குறித்து இணைப்பை அனுப்பிவிட்டார். கொண்டாட்டத்துக்கு மண்டபம் பிடிக்க முடியாத ஆண்டில் திரையையே மண்டபமாக்கிய மனிதர் அவர். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை வரை நிகழ்ச்சி நிரல் இருந்தது. இங்கு பிறந்த பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு கூச்சலிட்டார்கள். அம்மாவின் கட்டத்தில் வழக்கம்போல அவருடைய நெற்றியும் மேலே சுழலும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. ஒரு கட்டத்தில் நெற்றி விலகியது. விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அம்மா எங்கே என்று தலைவர் உரத்த குரலில் கேட்டார். அம்மா விளக்கேற்றப் போயிருந்தார்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். உங்கள் 25 காலை 9.00 மணியை வையுங்கள். அப்போது திருக்கோவிலில் 25 இரவு 7.30, லண்டனில் பிற்பகல் 2.00, சூரிச்சில் 3.00. நீங்கள் குறித்த நேரத்தில் லண்டன் தோழிக்கு அதிகாலை 2.30 என்பதையும் சூரிச் தோழிக்கு 3.30 என்பதையும் கவனித்தீர்களா? மரியாதைக்காக வருவதாகச் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது செலவு. மலிவு என்று நாம் சொல்வது நமக்கு மலிவாக இருப்பதைத்தான்; ஊரில் அது யாருடைய மடியிலிருந்து போகிறது என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. 2022 ஆம் ஆண்டு, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரத்தை வெட்டிய அதே ஆண்டின் நத்தாருக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் கேக் வெட்டுவோம் என்று யோசனை சொன்னவன் நான்தான். குறித்த நேரத்தில் ஊர்த் திரையிலும் ரோசாப்பூப் போட்ட ஒரு கேக் இருந்தது; எனக்கு மகிழ்ச்சி. அது கடனுக்கு வாங்கிய கேக் என்பதும், தங்கை அதை இரண்டு தவணையில் தைப்பொங்கலுக்குப் பிறகே அடைத்தாள் என்பதும் அடுத்த ஆண்டு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. மாதாமாதம் காசு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன், கேக்குக்கென்று அனுப்பவில்லை. "நீ சொன்ன பிறகு இல்லாம எப்படி மனே இருக்கிற?" என்றார் அம்மா. திரையில் தெரியவேண்டிய எதையும் ஊரிலுள்ளவர்களிடம் கேட்காதீர்கள். ஒரே நிற உடை என்ற உங்கள் யோசனையும் இதற்குள் அடங்கும். அந்த நிறத்தில் சேலை இல்லாத மாமி ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் வீட்டில் இப்போது சட்டம் ஒன்றுதான்: அன்று அடுப்பில் என்ன இருக்கிறதோ அது. போன முறை அம்மா பயத்தம்பணியாரம் காட்டினார். நான் முதல்நாள் மீந்த பாணைக் காட்டினேன்.

டேட்டாவும் செலவுதான். படத்தின் தெளிவைப் பொறுத்துக் கூடும் குறையும் என்றாலும், கைபேசியில் ஒரு மணி நேரக் கூட்டுக் காணொளிக்கு 1 ஜிபி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எத்தனை கைபேசிகள் இணைகின்றனவோ அத்தனைக்கும் முதல்நாளே இங்கிருந்து ரீலோட் போட்டுவிடுங்கள். நீங்கள் செய்யவேண்டிய பெரிய செலவு அதுதான், பரிசும் அதுவே போதும்.

செயலியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் 32 பேர் வரை காணொளியில் சேரலாம். உங்கள் அம்மாவுக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும். ஆட்கள் அதற்கு மேல் என்றால் சூம்; இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் தானாகவே அறுந்துவிடும். அதைக் குறையென்று சொல்லிக் காசு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். என் உறவினரின் நன்றியுரையைப் பிற்பாடு இரண்டு முறை தடுத்தது அந்த 40 நிமிடம் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. விளையாட்டு உங்கள் விருப்பம். நாங்கள் நொடி (விடுகதை) போடுவோம். அதற்குக் காசும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், எப்போதும் கிழவிகளே வெல்வார்கள்.

25 இரவு அறையில் தனியாக இருக்க மனம் வராவிட்டால் கூட இருக்கும் நால்வருடன் சமைத்துச் சாப்பிடுங்கள். ஊரில் 9.25 க்கு இரண்டு நிமிட மௌனம். அது உங்களுக்கு இரவு 10.55. அப்போது வீட்டுக்கு அழைக்காதீர்கள், எவரும் எடுக்கமாட்டார்கள்.