வாசகர் கேள்வி – பதில்: மழையும் மணியும் ஒலிக்கும் இசைத்தட்டு

கேள்வி: என் பேரன் டர்பனில் ஒரு பழைய கடையிலிருந்து ‘பிளாக் சப்பாத்’ என்னும் இங்கிலாந்துக் குழுவின் முதல் இசைத்தட்டை வாங்கி வந்திருக்கிறான். அட்டையில் கறுப்பு உடுப்புடன் ஒரு பெண் பேய்போல நிற்கிறாள். விரித்தால் உள்ளே தலைகீழாக ஒரு சிலுவை. ஊசியை வைத்ததும் மழை, இடி, மணியோசை. புரட்டாசி மாதத்தில்கூட நிறுத்த மறுக்கிறான். “ஆயா, ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள்” என்கிறான். முப்பது ஆண்டுகள் உடுப்பு ஆலையில் தையல் இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்ட காது இது. இன்னும் இரைச்சல் வேண்டுமா? சாமி விளக்கு எரியும் வீட்டில் இது ஒலிக்கலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, முதலில் அட்டையைப் பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தெரிவது தேம்ஸ் ஆற்றங்கரையில் மேப்பிள்டர்ஹாம் என்னும் ஊரில் உள்ள, தானியம் அரைக்கும் பழைய நீராலை. தலைகீழ்ச் சிலுவை இசைத்தட்டு நிறுவனத்தார் செய்த வேலை. குழுவினர் கேட்டு வைத்ததன்று. முதல் பாட்டில் சாத்தானுக்குப் புகழ்ச்சி எதுவும் இல்லை. தன்னை நோக்கிக் கைநீட்டும் கறுப்பு உருவம் ஒன்றைக் கண்டு நடுங்கியவன், கடவுளே காப்பாற்று என்று கதறுவதுதான் அந்தப் பாட்டு. விளக்கு எரியும் வீட்டில் அது ஒலிப்பதில் எனக்கு எந்தத் தடையும் தோன்றவில்லை.

இரைச்சல் என்றீர்கள். அந்த ஒலியை உண்டாக்கிய கையும் உங்கள் கையைப்போல் ஆலையில் உழைத்த கைதான். கிதார் வாசிக்கும் டோனி அயோமி பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், 17 வயதில், இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் ஆதலால், தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே. இனி வாசிக்கவே முடியாது என்று சோர்ந்து கிடந்தவரிடம், ஆலையில் அவருக்கு மேலாளராக இருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் கருகிய கையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே உலகப் புகழ் பெற்ற கிதார் கலைஞர் ரைன்ஹார்ட். அயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, தேய்த்து, அதன்மேல் தோல்துண்டை ஒட்டி மாட்டிக்கொண்டார். தையல் வேலையில் ஊசி குத்தாமலிருக்க விரலில் போடும் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். உறை போட்ட விரலுக்குத் தந்தி படுவதே தெரியாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலி குறைய அவர் மெல்லிய தந்திகளைத் தேடினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தந்திகளையே தளர்த்தி ஸ்ருதியைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலியே பின்னால் வந்த எத்தனையோ ஹெவி மெட்டல் (கனத்த ராக் இசை) குழுக்களின் வழக்கமாயிற்று.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். மழையும் மணியும் ஒலித்த பிறகு கிதார் மூன்றே சுரங்களை வாசிக்கும்: கீழ் சட்ஜம் (ச), மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம் (பஞ்சமமாகிய ‘ப’வுக்குச் சற்றே கீழுள்ள ‘ம’). மூன்றாவது சுரம் பஞ்சமத்தைத் தொட்டும் தொடாமலும் நடுங்கிக்கொண்டே இருக்கும், அதில் போய் அமராது. ஐரோப்பிய இசை நூலோர் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை ‘இசைக்குள் இருக்கும் சாத்தான்’ என்று பெயரிட்டு அஞ்சினார்கள். நமக்கோ தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் சரிபாதியான 36 மேளங்கள் பிரதி மத்திமம் உடையவை. திருமண வீட்டில் நாதஸ்வரம் கல்யாணி வாசிக்கும்போது நீங்கள் மகிழ்ந்து கேட்பதும் இதே சுரத்தைத்தான். பஞ்சமத்தின் துணையோடு வந்தால் மங்கலமாகவும், துணையில்லாமல் தனியே நிறுத்தப்பட்டால் திகிலாகவும் ஒலிக்கிறது. பேரனுடன் அமர்ந்து இந்த மூன்று சுரங்களை மட்டுமாவது கேளுங்கள். கல்யாணியையும் அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ‘பிளாக் சப்பாத்’ குழுவின் அந்த முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது என்கிறார்கள், உண்மையா? வெளிவந்தபோது அதை ஏற்றுக்கொண்டார்களா? நாங்கள் நால்வர் மெட்டல் வாசிக்கிறோம். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டக் கையில் பணம் இல்லை.
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, உண்மைதான். 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், ரோஜர் பெயின் தயாரிப்பில், மேடையில் வாசிப்பதுபோலவே நால்வரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். மழையும் மணியும் பிறகு சேர்க்கப்பட்டவை. ஒரே நாளில் முடிந்ததற்குக் காரணம் அந்த நாளுக்கு முந்தைய மாதங்கள். ஹாம்பர்க் நகரின் ஸ்டார் கிளப் போன்ற இடங்களில் ஒரே நாளில் பலமுறை மேடையேறி வாசித்ததால், பாட்டுகள் கையில் ஊறியிருந்தன. பல மாதம் உழைத்துச் செய்வதும் தவறில்லை. மெட்டாலிகா குழு தன் பெயரையே தாங்கிய 1991ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு எட்டு மாதத்துக்கு மேல் ஸ்டூடியோவில் இருந்தது. ஆனால் அதற்குரிய பணம் அவர்களிடம் இருந்தது.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று ஆல்பம் வெளிவந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ என்னும் அமெரிக்க இசை இதழில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் அதை கிரீம் என்னும் இங்கிலாந்து ராக் குழுவின் மட்டமான நகல் என்ற பொருளில் தாக்கி எழுதினார். அவர் இசையறிவு இல்லாதவர் அல்லர். புதிய ஒன்றைப் பழைய அளவுகோலால் அளந்தார் என்பதே என் எண்ணம். கேட்டவர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் எட்டாம் இடத்தையும் அமெரிக்காவில் 23ஆம் இடத்தையும் ஆல்பம் பிடித்தது. அதே இதழ் 2017இல் தலைசிறந்த 100 மெட்டல் ஆல்பங்களைத் தெரிவு செய்தபோது இதற்கு ஐந்தாம் இடம் கொடுத்தது.

ஆகவே, வாடகை கட்டும் முன் முழு ஆல்பத்தையும் நிறுத்தாமல், ஆட்கள் எதிரே நிற்கும்போது, யாராவது ஒருவர் வீட்டு கராஜில் பத்துமுறையாவது வாசித்துவிடுங்கள். இரண்டாவது கிதார் ஒன்றையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்: அந்த ஒரே நாளிலும் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பகுதி) பழுதாகிவிட்டது, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி. கிதாரை எடுத்தே மீதிப் பாட்டுகளை வாசித்து முடித்தார்.