வெளிநாட்டுக்குப் போகுமுன் ஆத்தென்டிகேட்டர் செயலியை அமைப்பது எப்படி?

அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகவிருப்பதாகவும், அங்கே இந்திய சிம்முக்கு ஓடிபி வராவிட்டால் ஜிமெயிலைத் திறப்பது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாடுகளில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் காக்கா (அண்ணன்) அங்கே போன பிறகு ரீசார்ஜ் முடிந்து எஸ்எம்எஸ் நின்றுபோக, அவருடைய மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் பல நாள் தவித்தோம்.

ஆத்தென்டிகேட்டர் என்பது ஓடிபி போன்ற எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் செயலி; அதற்கு சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். அமைக்கும்போது கியூஆர் கோடு வழியாக ஒரு ரகசிய விசை செயலிக்குள் பதிவாகிறது. அந்த விசையையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை புதிய 6 இலக்க எண்ணைச் செயலி காட்டுகிறது. மறுமுனையில் கூகுளும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக 2011இல் வெளியான பொது முறை இது. ஆகவே கூகுள், மைக்ரோசாஃப்ட், ஏஜிஸ் ஆகியவற்றில் எந்தச் செயலியையும் பயன்படுத்தலாம்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் முறை) திறந்து, ஆத்தென்டிகேட்டரைத் தேர்ந்தெடுத்தால் கியூஆர் கோடு வரும். கணினித் திரையில் வந்தால் செயலியால் ஸ்கேன் செய்துகொள்ளலாம். கையில் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது என்றால், அதன் திரையை அதன் கேமராவாலேயே ஸ்கேன் செய்ய முடியாதென்று பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கியூஆருக்குக் கீழே, ஸ்கேன் செய்ய முடியாதவர்களுக்கென்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் அந்த விசை எழுத்துகளாகக் கிடைக்கும். அதை நகலெடுத்து, செயலியில் கைமுறையாகச் சேர்க்கும் இடத்தில் ஒட்டி, வகையை நேர அடிப்படை என்றே விட்டுவிடுங்கள். பிறகு செயலி காட்டும் எண்ணைக் கூகுள் பக்கத்தில் இட்டால் வேலை முடிந்தது. அந்தக் கியூஆரையோ விசையையோ யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது யார் கையில் இருந்தாலும் அதே எண்கள் அவருக்கும் வரும்.

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால் எண் மாறிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எண்ணைக் கணக்கிடுவது உலகப் பொது நேரத்தை வைத்தே நடக்கிறது. ஆனால் போனின் நேர மண்டலத்தை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் பின்தள்ளி வைத்தால் ஓர் எண்கூடச் செல்லாது. காக்கா இரண்டாவது முறை போனபோது செய்த தவறு அதுதான். தேதியையும் நேரத்தையும் தானியங்கி அமைப்புக்கு மாற்றியதும் சரியாயிற்று.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது, செயலி கையில் இல்லாதபோது உள்நுழைய உதவும் பேக்கப் கோடுகளைப் பற்றித்தான். கூகுள் தரும் 8 இலக்க எண்கள் 10. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி ஒரு படியைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளும், இன்னொன்றை வீட்டு அலமாரியிலும் வையுங்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 முதல் தன் பதிவுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமிக்க வழி தருகிறது என்றாலும், அந்தக் கணக்கைத் திறக்கும் எண்ணும் அதற்குள்ளேயே இருந்தால் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாகிவிடும். போன் தொலைந்தால் தாள்தான் கைகொடுக்கும்.

வங்கி ஓடிபிக்கு இந்தச் செயலி மாற்றாகாது. அதற்காக இந்திய எண்ணை உயிருடன் வைத்திருக்கும் ரீசார்ஜை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, ஊரில் இருக்கும்போதே ஒருநாள் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொருவரின் கணினியில் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தைத் திறந்து, செயலி எண்ணைக் கொண்டு ஒருமுறையும் தாளிலுள்ள கோடு ஒன்றைக் கொண்டு ஒருமுறையும் உள்நுழைந்து பாருங்கள். ஏதேனும் தடுத்தால், சிம் கையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம்.