டிரசர் பதில்கள்: வால் எலும்புக்கு மேலே ஒரு கட்டி

கேள்வி: எனக்கு வயது 23. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாகப் புட்டங்களுக்கு நடுவில், வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு கட்டி. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் உயிர் போகிறது. சூட்டுக் கட்டி என்று அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிறார். ஒரு தடவை தானாக உடைந்து சீழும் ரத்தமும் வந்தது, வலி நின்றது. இப்போது மறுபடி வீங்குகிறது. மூலமாக இருக்குமோ? கிளினிக்கில் காட்ட வெட்கமாக இருக்கிறது. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அன்றைய கூலியும் போச்சு.
(பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, நீ எழுதியதைப் பார்த்தால் மூலம் மாதிரித் தெரியவில்லை. மூலம் ஆசனவாயிலேயே இருக்கும், மலம் போகும்போது ரத்தம் காட்டும். பவுத்திரத்தின் வாயும் பெரும்பாலும் ஆசனவாயை ஒட்டியே இருக்கும். நீ சொல்வது அதற்கெல்லாம் மேலே, நடுக்கோட்டில். உன் வயது, டிராக்டர் சீட், உடைந்து ஆறி மறுபடி வீங்குவது, இத்தனையும் சேர்த்தால் பைலோனிடல் சைனஸ், அதாவது புட்டப் பிளவில் தோலுக்கடியில் உண்டாகும் சீழ்க்குழி என்றுதான் எனக்குப் படுகிறது. பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் டாக்டர்.

இதற்குக் காரணம் சூடும் இல்லை, நீ சாப்பிட்ட டுரியானும் இல்லை. முடி! முதுகிலிருந்தும் தலையிலிருந்தும் உதிரும் முடி அந்தப் பிளவில் போய் விழுகிறது. மணிக்கணக்காக உட்கார்ந்து குலுங்கும்போது, வியர்வையில் ஊறிய தோலுக்குள் அது முனை வைத்து இறங்குகிறது. உடம்பு அதை வெளியாளாகப் பார்த்துச் சீழ் கட்டுகிறது. உள்ளே கிடப்பது அங்கே முளைத்த முடியாக இருக்க வேண்டும் என்றில்லை. முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு விரல் இடுக்கில் இதே நோய் வருவதுண்டு, அங்கே குத்தி இறங்குவது வாடிக்கையாளரின் முடி. இரண்டாம் உலகப் போரில் இதனால் ஆஸ்பத்திரியில் படுத்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறக்குறைய 80,000 பேர். கரடுமுரடான பாதையில் ஜீப்பில் உட்கார்ந்து போனவர்கள் என்பதால் 'ஜீப் நோய்' என்றே பேர் வைத்தார்கள். உன் டிராக்டருக்கும் அந்த ஜீப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கட்டி உடைந்ததும் வலி நின்றது என்கிறாயே, பலரும் ஏமாறும் இடம் அதுதான். அழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான். முடியும் குழியும் அப்படியே உள்ளே இருக்கின்றன. ஒவ்வொரு தடவை சீழ் கட்டும்போதும் தோலுக்கடியில் பக்கவாட்டில் புதுப் பாதை ஒன்று போடலாம். ஆரம்பத்தில் போனால் மரக்கப் போட்டு, சின்னதாகக் கீறி, சீழையும் முடியையும் எடுத்துவிட்டுப் பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு அத்தோடு சரி. விட்டு வைத்துப் பாதைகள் கிளை விட்டபிறகு போனால் பெரிய ஆபரேஷன். அகலமாக வெட்டித் திறந்தே விட்டால் புண் அடியிலிருந்து தூர்ந்து வர இரண்டு மாதம்கூட ஆகலாம், அதுவரை டிரெஸ்ஸிங்கும் ஓயாது. பக்கத்துத் தோலை நகர்த்தி, தையல் நடுக்கோட்டில் விழாமல் தள்ளிப் போடும் முறையும் இருக்கிறது. அது சீக்கிரம் ஆறும், திரும்ப வருவதும் குறைவு. சர்ஜன் ஆபரேஷன் என்று சொன்னால், எந்த முறை, எத்தனை வாரம் வேலைக்குப் போக முடியாது என்று தைரியமாகக் கேள். இப்போது ஒரு நாள் கூலியைப் பார்த்தால், அப்புறம் மாதக் கணக்கில் கூலி போகும்.

சரி, வெட்கத்துக்கு வருவோம். தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, நான் இருந்த காலத்தில் இந்த மாதிரிக் கட்டிக்காரர்கள் யாரும் கட்டி என்று சொல்லி வந்ததில்லை. இருமல் என்பார்கள். மருந்து போத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு, செருப்பு மாட்டும்போதுதான் திரும்பிப் பார்த்து, "டிரசரே, இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள். அந்த 'இன்னொண்ணு'தான் விஷயம் என்று எனக்கும் தெரியும். கதவைச் சாத்திவிட்டுக் கவிழ்ந்து படுக்கச் சொல்வேன். இரண்டு பக்கமும் தோலை விலக்கி விளக்கைப் பிடித்தால் நடுக்கோட்டில் பேனா முனை பட்டதுபோல் ஒன்றிரண்டு துளை, அதில் ஒன்றிலிருந்து சில சமயம் நாலு கறுப்பு முடி எட்டிப் பார்க்கும். பார்த்து முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அதற்காக மாதக்கணக்கில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார்கள் மனிதர்கள்!

அரசாங்க கிளினிக் கவுண்டரில் 'பிசுல்' (மலாயில் கட்டி) என்று ஒரு சொல் போதும், மீதியை அறைக்குள் டாக்டரிடம் சொல். நம் மலேசியக் குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மறக்காமல் சொன்னால் சர்ஜனுக்குக் கடிதம் கொடுப்பார்கள், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துக்கொள். அடிக்கடி கட்டி வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. சுண்ணாம்பை இன்றோடு நிறுத்து, நல்ல தோலையும் அது வேக வைத்துவிடும். அம்மாவிடம் சண்டை வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல். நீயாகப் பிதுக்காதே, பிளேடு வைத்திருக்கும் கூட்டாளிகளையும் கிட்டே விடாதே. காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்பு பரவுவது, இதில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போ.

கேள்வி: மகள் எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போகிறாள். அவளுக்கு வால் எலும்பு இருக்கும் இடத்தில் கட்டி. கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் முடிந்தும் வீக்கம் போகவில்லை. இன்னொரு கோர்ஸ் வாங்கட்டுமா?
(ஒரு தாய், தாப்பா)

பதில்: வேண்டாம்மா. சீழ் தேங்கிவிட்டால் மாத்திரை மட்டும் அதைக் கரைக்காது, கீறித்தான் எடுக்க வேண்டும். மாத்திரையிலேயே நாளைக் கடத்தினால் பரீட்சை வாரத்தில் பழுத்து நிற்கும். ஆண்களுக்குத்தான் இது அதிகம், ஆனால் பெண்பிள்ளைகளுக்கு வராது என்றில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரம் யாரும் இல்லையென்றால் நர்ஸ் ஒருவர் கூட நிற்கக் கேட்கலாம், நீங்களும் நிற்கலாம். சோதிக்கும் நேரத்தில் மாமாவும் சித்தப்பாவும் வெளியே இருக்கட்டும்.

கேள்வி: டிரசர் ஐயா, எனக்கு வால் எலும்புக்கு மேலே சின்னத் துளை இருக்கிறது என்று மனைவி சொல்கிறார். வலி, சீழ் எதுவும் இல்லை. லோரி ஓட்டுகிறேன். முன்கூட்டியே ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
(வாசகர், குளுவாங்)

பதில்: வலியும் சீழும் இல்லாத துளைக்குக் கத்தி தேவையில்லை. குளிக்கும்போது கழுவி, நன்றாக ஈரம் துவட்டுங்கள். சுற்றியுள்ள முடியை அவ்வப்போது மழித்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம், மனைவி கையில் ரேசரைக் கொடுப்பதுதான் உசிதம். தூரப் பயணத்தில் நிறுத்தி இறங்கி நடங்கள். வலியோ ஈரக் கசிவோ வந்தால் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.